பயத்தை எழுப்பிவிட்டு, அப்புறம் காந்தம்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

வீட்டைப் பூட்டினோமா, கேஸை மூடினோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். இருபது முறை பார்த்துவிட்டு, பஸ் ஏறிய பிறகும் பாதி வழியில் இறங்கி ஓடி வருகிறவரை என்ன சொல்வது? சோப்பு இரண்டே நாளில் கரைந்துபோகும் அளவுக்குக் கை கழுவுகிறவர் இருக்கிறார். சாமி கும்பிடும்போது தகாத நினைப்பு வந்துவிட்டதே என்று நாள் முழுக்க மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறவரும் இருக்கிறார். செய்வது அதிகப்படி என்று பெரும்பாலும் அவர்களுக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடிவதில்லை. இதுதான் ஓ.சி.டி. தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்கிறோம். 'அவ ரொம்ப ஆச்சாரம்', 'அவனுக்குச் சுத்தம் அதிகம்' என்று வீட்டில் பெயர் வைத்துவிடுவதால், பலர் வருடக்கணக்கில் மருத்துவரிடம் வருவதே இல்லை. எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

வந்தால் முதலில் தருவது இரண்டு. ஒன்று, மூளையில் உள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருள் சார்ந்த மாத்திரை. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட இதற்கு அளவு அதிகம் வேண்டியிருக்கும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். இன்னொன்று, அசுத்தம் என்று அஞ்சும் பொருளைத் தொடவைத்து, கழுவாமல் இருக்கவைக்கும் பயிற்சி. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இல் இதைப் பற்றி முதன்முதலில் எழுதினார். இன்றுவரை இதைவிட நம்பகமான மனப்பயிற்சி ஓ.சி.டி.க்கு இல்லை என்பேன். ஆனால் இரண்டும் போதாமல் தவிக்கிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இன்று காந்தத் தூண்டல் சிகிச்சையைப் பற்றிப் பேச வந்தேன்.

காந்தம் என்றதும் கடையில் விற்கும் காந்த வளையலை நினைக்க வேண்டாம். 'ஷாக்' சிகிச்சையும் இதுவல்ல. மயக்க மருந்து கிடையாது, நோயாளி விழித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் பக்கத்தில் உள்ள கம்பியில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று 1831இல் ஃபாரடே காட்டியதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கம்பிக்குப் பதில் இங்கே மூளை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடன் இருந்தவர்களும் தலைமேல் ஒரு கம்பிச்சுருளை வைத்துத் துடிப்பு கொடுத்தபோது, கை தானாக அசைந்தது. மண்டையோட்டைத் திறக்காமல், வலியில்லாமல்!

மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் இந்த முறையை மனச்சோர்வுக்கு அனுமதித்தது. ஓ.சி.டி.க்கு அனுமதி கிடைத்தது 2018 ஆகஸ்டில். அதற்குப் பயன்பட்ட கருவி ஹெல்மெட் மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் சுருள், நெற்றிக்குப் பின்னால் இன்னும் ஆழத்தில் உள்ள பகுதிவரை எட்டும். 'ஏதோ தப்பாகிவிட்டது' என்று மூளை எழுப்பும் எச்சரிக்கையோடு தொடர்புடைய பகுதி அது. ஓ.சி.டி.யில் அந்த எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்தச் சிகிச்சையில் என்னை மிகவும் யோசிக்கவைத்த விஷயம் ஒன்று உண்டு. காந்தத்தை இயக்குவதற்குச் சற்று முன்னால், நோயாளியின் பயத்தை வேண்டுமென்றே கிளப்புகிறார்கள். அழுக்கைக் கண்டு அஞ்சுகிறவரை அழுக்கான ஒன்றைத் தொடச் சொல்வார்கள். பூட்டைப் பற்றிய சந்தேகம் உள்ளவரிடம், 'இன்று கதவைச் சரியாகப் பூட்டினீர்களா?' என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பயம். அது மேலே வந்து நிற்கும்போதுதான் துடிப்புகள் தொடங்கும். இரண்டு விநாடி படபடவென்று நாற்பது துடிப்பு, இருபது விநாடி ஓய்வு. இப்படி ஐம்பது சுற்று, சுமார் 18 நிமிடம். மூளையில் அந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கும் நரம்புச் சுற்றைத்தான் மாற்ற முடியும் என்பது இதற்குப் பின்னால் உள்ள எண்ணம்.

சரி, பலன் உண்டா? 11 மையங்களில் சுமார் நூறு பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு வாரத்தில் 29 அமர்வுகள். பாதிப் பேருக்கு உண்மைச் சிகிச்சை. மீதிப் பேருக்கு அதே சத்தமும் அதே தட்டலும் உண்டு, மூளைக்குள் காந்தப்புலம் மட்டும் போகாது. பயத்தைக் கிளப்பியது இரு தரப்புக்கும் பொது. முடிவில், நோயின் கடுமை 30 சதவீதமாவது இறங்கியவர்கள் உண்மைச் சிகிச்சையில் 38 சதவீதம், மற்றதில் 11 சதவீதம். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த அளவு குறையவில்லை என்பதையும் இதே எண் சொல்கிறது. முன்பே மற்ற சிகிச்சைகளில் போதிய பலன் காணாதவர்கள் இவர்கள் என்பதால், அந்த 38ஐ நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் 'உறுதியாகக் குணமாகும்' என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

தலைவலி வரலாம், பெரும்பாலும் தானே சரியாகும். அபூர்வமாக வலிப்பு வரும் வாய்ப்பு உண்டு. அதனால் வலிப்பு வந்த வரலாறு இருந்தாலும், தலைக்குள் உலோகக் கிளிப்போ செவிக்குள் பொருத்திய கருவியோ இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். அந்த ஆய்வில் பலரும் மாத்திரை எடுத்துக்கொண்டேதான் காந்தச் சிகிச்சைக்கு வந்தார்கள்.

பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எனக்குக் கொடுத்த மாத்திரை போதிய அளவில், போதிய காலம் கொடுக்கப்பட்டதா? தொடவைத்துக் கழுவாமல் இருக்கவைக்கும் அந்தப் பயிற்சியை எனக்கு யாராவது முறையாகக் கற்றுத் தந்தார்களா? இரண்டாவதற்கு 'இல்லை' என்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

நன்றி, வணக்கம்.