எத்தனை பவுனாம்?

பெரியோர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் போனைக் கவிழ்த்து வைத்திருக்கும் தம்பிகளே, வணக்கம்.

"வீடியோ கேம்தான் பையன்களைத் திருடனாக்குகிறது, அதைப் பற்றிக் காட்டமாகப் பேசுங்கள்" என்று விழாக்குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு அப்படிப் பேச மனம் வரவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன் பக்கம் போய்ப் பாருங்கள். ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் விசைப்படகுக்குத் தொழில் கிடையாது. நிழலில் நாலு பேர் போனில் ஆடிக்கொண்டு "சுடுறா, சுடுறா" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் பயந்துவிடுவார். நமக்குத் தெரியும், ஜூன் 15 வந்தால் அதே பையன்கள் வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார்கள்.

பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை 2020 செப்டம்பரில் அரசு தடை செய்தது. 2022 பிப்ரவரியில் அதே மாதிரி ஆட்டமான ஃப்ரீ ஃபயருக்கும் தடை. பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பதற்காக அல்ல. நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டித்தான் அந்த உத்தரவுகள் வந்தன. பையன்கள் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள், அது வேறு கதை.

இந்தப் பழியும் புதிதல்ல. 1976-இல் அமெரிக்காவில் காசு போட்டு ஆடும் 'டெத் ரேஸ்' என்ற ஆட்டம் வந்தது. திரையில் ஓடும் உருவத்தைக் காரால் இடித்தால் பாயிண்ட். அதற்கே பெரிய கூச்சல் எழுந்தது. இன்று பார்த்தால் அந்த உருவம் வெறும் குச்சிப் பொம்மை.

ஆட்டத்தின்மேல் எனக்குள்ள குறை வேறு. 'ஜிடிஏ' என்ற ஆட்டத்தில் ஒருவனுடைய காரைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். போலீஸ் துரத்தினால் திரையின் மூலையில் நட்சத்திரம் எரிகிறது. கொஞ்ச நேரம் கண்ணில் படாமல் ஒளிந்திருந்தால் நட்சத்திரம் அணைந்துவிடும், வழக்கும் முடிந்தது. காரைப் பறிகொடுத்தவன் அப்புறம் என்ன ஆனான்? அவனுக்கு அங்கே வீடு வாசல் கிடையாது, பெயர்கூடக் கிடையாது.

சரி, அது விளையாட்டு. நாம் செய்தி படிக்கிற லட்சணம் என்ன? 2018-இல் தங்கச்சிமடத்தில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் துருப்பிடித்த தோட்டாக்கள் வந்தன. 2023 பிப்ரவரியில் மண்டபம் கடலடியிலிருந்து முக்குளிப்பவர்கள் 17.74 கிலோ கடத்தல் தங்கத்தை எடுத்துவந்தார்கள். படகில் கொண்டுவந்தவர்கள் மாட்டிக்கொள்ளும்போது கடலில் போட்டுவிட்டார்கள். டீக்கடையில் ஒரு வாரத்துக்குப் பேச அது போதும். எனக்கும் அந்த மாதிரிச் செய்தி பிடிக்கும், மறைப்பானேன்.

ஆனால் அதே பேப்பரின் உள்பக்கத்தில் 'மூதாட்டியிடம் செயின் பறிப்பு' என்று நாலு வரி வந்தால் நாம் கேட்கிற ஒரே கேள்வி, "எத்தனை பவுனாம்?" பாயிண்ட்தானே கேட்கிறோம்? பையன்களைச் சொல்லப்போய்விட்டோம்!

விடியற்காலையில் மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கிற அக்காவை நினைத்துப் பாருங்கள். பைக்கில் வருகிறவன் கழுத்தில் கை வைத்து இழுக்கிறான். தாலிச் சரடு சுலபத்தில் அறுந்து வராது. சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். கீழே விழுகிறாள், முழங்கால் போய்விடுகிறது. அன்றைய மீன் மண்ணில் கிடக்கிறது, யாவாரம் போச்சு. அடகிலிருந்து போன மாதம் மீட்ட நகையாகக்கூட அது இருக்கலாம். ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தால், "உன்னை யார் அதைப் போட்டுக்கிட்டுப் போகச் சொன்னது?" என்று பெற்ற பிள்ளையே கேட்கிறான். பைக்கில் வந்தவனை யாரும் அப்படிக் கேட்கவில்லை. வெட்கப்பட வேண்டியவள் அவளா?

புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். முன்பு பறிப்புக்கென்று தனிப் பிரிவு இல்லை. திருட்டு, வழிப்பறி என்று எதிலாவது சேர்ப்பார்கள். 2024 ஜூலை 1-இலிருந்து அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில் 304-ஆவது பிரிவே பறிப்புக்குத்தான். மூன்று ஆண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு.

போன் பறிபோனால் கையோடு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. புகார் நகலை வைத்து, மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அந்த போனையே முடக்கலாம். பறித்தவன் வேறு சிம் போட்டாலும் பேச முடியாது. அதற்கு ஐஎம்இஐ எண், அதாவது அந்த போனுக்கே உரிய அடையாள எண், தேவை. தம்பிகளா, ராத்திரி ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன்னால் அம்மாவின் போனை வாங்கி *#06# அடியுங்கள். திரையில் வரும் 15 இலக்க எண்ணை ரேஷன் கார்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு ஆடுங்கள்.