பூட்டிய வீட்டில் குடியேறினால் சிறை, பூட்டிய கடையில் என்றால் சிவில் வழக்கு: இங்கிலாந்தின் விநோதச் சட்டம்

[திரை: ரீஜென்ட்ஸ் பார்க் அருகே ஒரு பழைய பப். மூடிய கதவு.]

2024 ஏப்ரல். லண்டனில் யார்க் அண்ட் ஆல்பனி என்று ஒரு பழைய பப். குத்தகை எடுத்திருந்தவர் பிரபல சமையல்காரர் கார்டன் ராம்சே. பூட்டிக் கிடந்த அந்தக் கட்டடத்துக்குள் ஒரு கூட்டம் புகுந்து குடியேறிவிட்டது. புகுந்ததோடு நிற்கவில்லை, கதவில் ஒரு சட்ட அறிவிப்பையும் ஒட்டியது.

போலீஸ் வந்து தூக்கிப் போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. இது குடியிருப்பு இல்லை, சிவில் விவகாரம் என்று சொல்லிவிட்டார்கள். உரிமையுள்ளவர் நீதிமன்றம் போய்த்தான் ஆளை வெளியேற்ற வேண்டும்.

அதே கூட்டம் பக்கத்துத் தெருவில் ஆளில்லாத ஒரு வீட்டுக்குள் போய்ப் படுத்திருந்தால் கதை வேறு. போலீஸ் உள்ளே நுழைந்து கைது செய்யலாம். 6 மாதம் வரை சிறை.

வீட்டுக்கும் பப்புக்கும் நடுவே இவ்வளவு பெரிய கோடு எப்படி வந்தது?

[திரை: 1 செப்டம்பர் 2012]

இந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்த சட்டம்தான் காரணம். சட்ட உதவி, தண்டனை வழங்கல், குற்றவாளிகள் தண்டனைச் சட்டம் 2012, பிரிவு 144. பெயர் நீளம், விஷயம் சின்னது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் 1865-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது.

குற்றம் என்று ஆக மூன்று விஷயம் சேர வேண்டும். ஒருவர் குடியிருப்புக் கட்டடத்துக்குள் அத்துமீறி நுழைந்து அங்கே இருக்க வேண்டும். தான் அத்துமீறியிருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் அவர் இருக்க வேண்டும். அங்கேயே வசிக்க வேண்டும், அல்லது வசிக்கும் எண்ணமாவது இருக்க வேண்டும். எத்தனை நாள் என்பது கணக்கில்லை.

இரண்டாவது நிபந்தனை முக்கியமானது. போலி வீட்டுக்காரரிடம் முன்பணம் கொடுத்துச் சாவி வாங்கிக் குடியேறிய அப்பாவியை அது காப்பாற்றும். வாடகை ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாமல் இருப்பவரும் இந்தப் பிரிவில் சிக்கமாட்டார். அவர் நுழைந்தபோது முறையாகத்தானே நுழைந்தார். அது பழையபடி சிவில் வழக்குதான்.

[திரை: கதவைத் திறக்கும் குடும்பம், உள்ளே அந்நியர்கள்]

இந்தச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டியது ஒரே ஒரு படம்தான்: விடுமுறை முடிந்து வீடு திரும்பும் குடும்பம், சோபாவில் யாரோ. பத்திரிகைகள் இதைத் திரும்பத் திரும்பப் போட்டன. பார்க்கிற யாருக்கும் கோபம் வரும், வர வேண்டியதுதான்.

ஆனால் அந்தக் குடும்பத்துக்கு 1977-லேயே சட்டம் இருந்தது. குற்றவியல் சட்டம் 1977, பிரிவு 7. சொந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டவர், வெளியே போ என்று சொன்ன பிறகும் உள்ளே புகுந்தவர் போகாமல் இருப்பது குற்றம். வாங்கிய வீட்டுக்கு இன்னும் குடிபோகாதவருக்கும் இதே பாதுகாப்பு உண்டு. அதற்கான உறுதிமொழியில் அவர் அதிகாரம் பெற்ற ஒருவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும்.

பப் கதவில் ஒட்டிய காகிதம் வந்ததும் அதே சட்டத்தின் பிரிவு 6-இலிருந்துதான். உள்ளே எதிர்ப்புத் தெரிவிக்கும் ஆள் இருக்கும்போது வெளியிலிருந்து வன்முறையால் நுழைவது குற்றம் என்கிறது அது. அதனால்தான் இதுபோன்ற அறிவிப்புகளில், எந்நேரமும் ஒருவராவது உள்ளே இருப்பார் என்ற வரி தவறாமல் இருக்கும். கடைக்குச் சாமான் வாங்கப் போனாலும் ஒருவர் காவல். ஆனால் இங்கேயும், தன் வீட்டிலிருந்து விரட்டப்பட்டவருக்கு விலக்கு உண்டு.

சரி, அப்படியானால் 2012-இல் புதிதாக என்ன மாறியது? யாரும் வசிக்காத வீடு. அதுதான் மாற்றம். வருடக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு, முதலீட்டுக்காக வாங்கி விட்டுவைத்த வீடு, வீட்டுவசதிச் சங்கங்களும் உள்ளூர்க் கவுன்சில்களும் இடிக்கக் காத்திருக்கும் வீடு. இவற்றுக்கு முன்பு உரிமையாளர் வழக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது அரசு செலவில் போலீஸ் வருகிறது. விற்றது குடும்பத்தின் கதை, பலன் போனது காலி வீட்டுக்காரருக்கு என்பது என் கணிப்பு.

2011 ஜூலையில் நீதித்துறை அமைச்சகம் கருத்துக் கேட்டது. 2,217 பதில்கள் வந்தன. 90 சதவீதத்துக்கு மேல், மாற்றம் வேண்டாம் என்றன. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவற்றில் பெரும்பகுதி ஒரே எதிர்ப்பு இயக்கத்தின் வழியாக வந்தவை. ஆனால் இருக்கிற சட்டமே போதும் என்று சொன்னவர்களில் வழக்கறிஞர்களின் லா சொசைட்டியும் லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸும் உண்டு. போலீஸே கேட்காத அதிகாரம்! கருத்துக் கேட்பு முடிந்த ஒரு மாதத்துக்குள், நவம்பர் 1 அன்று, மக்களவையில் வாக்கெடுப்பு. ஆதரவு 283, எதிர்ப்பு 13.

[திரை: 1946, ராணுவ முகாம் குடிசைகள்]

எப்போதுமே அரசு இப்படி நடந்துகொண்டதில்லை. போர் முடிந்த 1946-இல் வீடில்லாத குடும்பங்கள் காலியான ராணுவ முகாம்களுக்குள் புகுந்தன. நாற்பதாயிரம் பேருக்கு மேல். அத்தனை பேரையும் என்ன செய்ய முடியும்? முகாம்களை உள்ளூர்க் கவுன்சில்களிடம் ஒப்படைத்து, தண்ணீர், விளக்கு கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் லண்டன் கென்சிங்டனில் டச்சஸ் ஆஃப் பெட்ஃபோர்ட் ஹவுஸ் என்ற சொகுசு அடுக்குமாடியில் கம்யூனிஸ்டுகள் குடும்பங்களைக் குடியேற்றியபோது, தலைவர்கள் மீது சதி வழக்கு பாய்ந்தது. குடிசைக்குக் கிடைத்த பொறுமை சொகுசு மாடிக்குக் கிடைக்கவில்லை.

2012-க்கு வருவோம். சட்டம் வந்த அதே மாதம், பிளிமத்திலிருந்து லண்டன் வந்த 21 வயது இளைஞர் ஒருவருக்கு 12 வாரச் சிறை. அவர் இருந்தது பிம்லிகோவில் ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் வீட்டில். யாருடைய சோபாவிலும் இல்லை.

அப்புறம் கடை, அலுவலகம், கிடங்கு. இவற்றின் உரிமையாளருக்கு இடைக்கால உடைமை உத்தரவு என்று ஒரு குறுக்குவழி உண்டு. ஆக்கிரமிப்பு தெரிந்த 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எதிர்த்தரப்புப் பெயர் தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத நபர்கள்" என்று போட்டே வழக்குத் தொடரலாம். உத்தரவு முறைப்படி சேர்ப்பிக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் காலி செய்யாவிட்டால், அந்த நொடியிலிருந்து அது கிரிமினல் குற்றம். ஆக, பப் ஆக்கிரமிப்பும் ஒரு கட்டத்தில் குற்றமாகலாம், நீதிமன்றம் வழியாக வந்த பிறகு.

[திரை: இல்ஃபோர்ட், ஒரு வரிசை வீடு]

கடைசியாக, சட்ட மாணவர்களுக்குப் பிடித்த முடிச்சு. கிழக்கு லண்டன் பக்கம் இல்ஃபோர்டில் ஒருவர் 1997-இல் ஒரு காலி வீட்டுக்குள் நுழைந்து, பழுது பார்த்து, பின்னர் குடியேறினார். பதிவு செய்யப்பட்ட சொத்தை 10 ஆண்டு அனுபவித்தால், பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்கலாம் என்கிறது 2002-ஆம் ஆண்டு நிலப் பதிவுச் சட்டம். அவர் கேட்டார். அங்கே வசிப்பது இப்போது குற்றம், குற்றம் செய்து சொத்து வாங்க முடியாது என்று பதிவு அலுவலகம் மறுத்தது.

2014-இல் உயர் நீதிமன்றமும், 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றன. பிரிவு 144 நிலவுரிமைச் சட்டத்தைத் தொடவில்லை, அதனால் குற்றம் என்ற காரணம் மட்டும் சொல்லி விண்ணப்பத்தைத் தள்ள முடியாது என்றன. ஆக, ஒரே வீட்டில் ஒரே ஆள் இருந்த அதே நாட்கள் கிரிமினல் கோர்ட்டில் குற்றம், நிலப் பதிவு அலுவலகத்தில் தகுதி. நாடாளுமன்றம் அந்த முடிச்சை அவிழ்க்காமலே விட்டுவைத்திருக்கிறது.