நடுராத்திரி பாட்டும் விடிஞ்சதும் கேட்ட கேள்வியும்
(தாராவியில தமிழ் சபை வாலிபர் கூட்டத்துல பேசினது)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நம்ம சபை அக்கா ஒருத்தங்க போன வாரம் மகனைப் பாக்க ஜெயிலுக்கு முலாக்காத்துக்கு, அதாவது கைதியப் பாக்குற நேரத்துக்கு, போனாங்க. செய்யாத தப்புக்கு பையன் உள்ள இருக்கான், பதினோரு மாசம் ஆச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு போன்ல அவன் சொன்னது, "அம்மா, ராத்திரி பேரக்ல, எல்லாக் கைதிங்களும் படுக்கிற கூடத்துல, மெதுவா பாடுவேன், பக்கத்துல படுத்திருக்கிற பாய்க்கு தமிழே தெரியாது, ஆனா ஒரு நாள் பாடலைன்னா ஏன் பாடலன்னு கேக்குறாரு."

பைபிள்ல அப்போஸ்தலர் 16 படிங்க. பிலிப்பி பட்டணத்துல இயேசுவப் பத்தி பிரசங்கிக்கப் போன பவுலையும் சீலாவையும் விசாரிக்காமலே அடிச்சு, ஜெயில்ல போட்டு, காலைத் தொழுமரத்துல, அதாவது ஓட்டை போட்ட மரக்கட்டையில, மாட்டிட்டாங்க. காரணம் என்ன, குறி சொல்ற ஒரு அடிமைப் பொண்ணுக்கு விடுதலை கிடைச்சுது, அவள வச்சு சம்பாதிச்சவங்களுக்கு வருமானம் போச்சு, அவ்வளவுதான். முதுகெல்லாம் காயம், ஆனாலும் நடுராத்திரியில பாடுறாங்க, மத்த கைதிங்க கேட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு வசனம் சொல்லுது. அந்தக் கேட்டவங்கள நாம யோசிக்கிறதே இல்ல.

ஆனா விடிஞ்சதும் நடந்தத நம்ம பிரசங்கத்துல விட்டுடுறோம்! சத்தமில்லாம போயிடுங்கன்னு அதிகாரிங்க ஆள் அனுப்புறாங்க, பவுல் போகல, நாங்க ரோமக் குடிமக்கள், விசாரிக்காம எல்லார் முன்னாடியும் அடிச்சீங்க, நீங்களே வந்து வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாரு. ராத்திரி பாடின அதே வாய்தான். பின்னாடி இதே பிலிப்பி சபைக்கு சந்தோஷமா இருங்கன்னு பவுல் எழுதினாரே, அதுக்கு வாய மூடிக்கிட்டு இருங்கன்னு அர்த்தம் இல்ல தம்பி.

நம்ம திருச்சி பக்கத்து மனுஷன், ஆதிவாசிங்களுக்காக உழைச்ச இயேசு சபை குரு ஸ்டேன் சுவாமிய, 2020 அக்டோபர் 8 அன்னைக்கு ராஞ்சியில கைது பண்ணி இங்க நவி மும்பை தலோஜா ஜெயில்ல வச்சாங்க, வயசு 83. பார்க்கின்சன்ஸ்னு நரம்பு வியாதி, கை நடுங்கும், டம்ளரப் பிடிக்க முடியாது. தண்ணி குடிக்க ஒரு சிப்பர், அதாவது சிந்தாம உறிஞ்சிக் குடிக்கிற மூடி போட்ட டம்ளர், வேணும்னு கோர்ட்ல மனு போட்டாரு, ஒரு சிப்பருக்கு மனு! கூட இருந்த கைதிங்கதான் அவருக்கு ஒத்தாசை பண்ணாங்க. அங்க இருந்து எழுதின கடிதத்துல, கூண்டுப் பறவையும் சேர்ந்து பாட முடியும்னு எழுதினாரு, தன் மேல என்ன வழக்குன்னே தெரியாம கிடக்குற ஏழைக் கைதிங்களப் பத்தியும் எழுதினாரு. 2021 ஜூலை 5, ஜாமீன் கிடைக்காமலே, விசாரணைக் கைதியாவே பாந்த்ரா ஆஸ்பத்திரியில இறந்துட்டாரு. எனக்கு இன்னும் மனசு ஆறல.

அந்த அக்கா பையனுக்கு வர்ற வியாழக்கிழமை கோர்ட் தேதி. அவங்களுக்கு மராட்டியும் வராது இந்தியும் வராது, தனியாதான் போறாங்க. அன்னைக்கு லீவு போட முடிஞ்சவங்க, ஜெபம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் குடுத்துட்டுப் போங்க.