தறி இருக்கிறது, நூல் வாங்கக் காசு இல்லை: சிறுதொழில் கடன் எங்கே சிக்குகிறது?

(காட்சி: சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் ஒரு விசைத்தறிக் கூடம். எட்டுத் தறிகளில் மூன்று ஓடவில்லை.)

இந்த மூன்று தறிகளிலும் பழுது எதுவும் இல்லை. பாவு ஏற்ற நூல் இல்லை, அவ்வளவுதான். கணக்கைப் பார்த்தால் கூடம் லாபத்தில்தான் ஓடுகிறது. அந்த லாபம் எங்கே? ஜவுளிக் கடைகளில் பாக்கியாக நிற்கிறது. சேலை போய் நான்கு மாதம் ஆகிவிட்டது, பணம் வரவில்லை. நூல்காரரோ ரொக்கம் கேட்கிறார்.

சேலம் வட்டாரத்தில் சிறுதொழில் கடன் என்றதும் முதலில் வரும் கேள்வி, "மானியம் எவ்வளவு?" முதலில் கேட்க வேண்டியது வேறு: சரக்கு வாங்கிய நாளில் இருந்து விற்ற பணம் கைக்கு வரும்வரை எத்தனை நாள்? அத்தனை நாளுக்கும் தேவையான பணம்தான் நடைமுறை மூலதனம். இயந்திரத்துக்குக் கடன் வாங்கிவிட்டு இதை மறந்த தொழில்கள்தான் அதிகம் திணறுகின்றன.

(திரையில்: ஆண்டு விற்பனை 1 கோடி)

வங்கி இதை எப்படிக் கணக்கிடுகிறது? சிறு தொழில்களுக்கு, 5 கோடி வரையிலான லிமிட்டுக்கு, விற்பனையை வைத்துப் போடும் கணக்கு ஒன்று உண்டு. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை. விற்பனையில் 20 சதவீதம் அளவுக்கு வங்கி தரும், 5 சதவீதம் உங்கள் கைப்பணம். 1 கோடி விற்பனைக்கு வங்கி தரும் சி.சி. (கேஷ் கிரெடிட், தேவைப்படும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன் கணக்கு) லிமிட் 20 லட்சம்.

அந்த 20 லட்சத்தையும் எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மாதாமாதம் நீங்கள் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை, அதாவது சரக்கு, பாக்கிக் கணக்கை வைத்து, எவ்வளவு எடுக்கலாம் என்பதை வங்கி முடிவு செய்யும். அதற்குப் பெயர் டிராயிங் பவர்.

(திரையில் கணக்கு எழுதப்படுகிறது.)

கையில் நூலும் சேலையுமாக 12 லட்சம். வர வேண்டிய பாக்கி 14 லட்சம். அதில் 4 லட்சம் 90 நாளைத் தாண்டியது. தாண்டியதைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள், மீதி 10 லட்சம். நூல்காரருக்கு நீங்கள் தர வேண்டியது 6 லட்சம். 12, 10 கூட்டி, 6 கழித்தால் 16 லட்சம். இதில் உங்கள் பங்காக வங்கி கழிப்பது மார்ஜின், அது வங்கிக்கு வங்கி மாறும். 25 சதவீதம் என்று வைத்தால் 12 லட்சம் வருகிறது. லிமிட் 20, எடுக்க முடிந்தது 12. ஜவுளிக் கடைக்காரர் பாக்கியை இழுத்தடிக்கும் ஒவ்வொரு மாதமும் வங்கியில் உங்கள் பலமும் குறைகிறது.

இப்போது பலரும் செய்யும் தவறு. சி.சி.யில் இருந்து 6 லட்சம் எடுத்துப் பழைய தறி ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். நூல் வாங்க வேண்டிய பணம் தறியாகிவிட்டது. அடுத்த ஸ்டேட்மென்ட்டில் சரக்கு 6 லட்சம்தான். மற்றவை மாறாவிட்டால் டிராயிங் பவர் ஏழரை லட்சத்துக்கு இறங்கும், எடுத்திருப்பதோ 12 லட்சம். இந்த நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். தறிக்கு டேர்ம் லோன் (தவணைக் கடன்), நூலுக்கு சி.சி.; இரண்டையும் கலக்கவே கூடாது.

மானியத்துக்கு வருவோம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பி.எம்.இ.ஜி.பி., உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையிலான திட்ட மதிப்புக்கு உண்டு. பொதுப்பிரிவுக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம் மானியம். பட்டியல் இனத்தவர், பெண்கள் போன்ற சிறப்புப் பிரிவினருக்கு நகரத்தில் 25, கிராமத்தில் 35. இந்த வீதம் புதிய தொழிலுக்கு மட்டும். முதலில் தறியை வாங்கி ஓட்டிவிட்டு விண்ணப்பித்தால் தள்ளிவிடுவார்கள். மானியமும் கையில் வராது. உங்கள் பெயரில் வங்கியிலேயே 3 ஆண்டு இருந்து, பிறகுதான் கடனில் கழியும். ஆகவே மானியத்தை நம்பி நூலுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகும்போது திட்ட அறிக்கையில் நடைமுறை மூலதனத்தைத் தனி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். அந்த வரியைக் குறைத்து எழுதுவதில்தான் பல கூடங்கள் முதல் வருடமே சிக்குகின்றன.

அடமானச் சொத்து இல்லையா? குறு, சிறு தொழில்களுக்கு 20 லட்சம் வரையிலான கடனுக்கு (2026 ஏப்ரலுக்கு முன் 10 லட்சம்) வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்கு மேல், குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியமான சி.ஜி.டி.எம்.எஸ்.இ.யின் உத்தரவாதம் உண்டு, 2025 ஏப்ரல் முதல் உச்சவரம்பு 10 கோடி. ஆண்டுக் கட்டணம் பொதுவாக உங்கள் தலையில்தான் விழும். கடன் தவறினால் உத்தரவாதம் காப்பது வங்கியை. உங்கள் கடன் அப்படியேதான் இருக்கும்.

(காட்சி: ஜவ்வரிசி மூட்டைகள் அடுக்கிய கிடங்கு.)

விற்ற பணம் வரும்வரை சமாளிக்க, சேலத்திலேயே ஒரு நல்ல வழி கண்டவர்கள் ஜவ்வரிசி ஆலைக்காரர்கள். 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் மூட்டையைக் கிடங்கில் வைத்து, அதன் மேல் முன்பணம் வாங்கலாம். விற்பனை ரகசிய டெண்டரில் நடக்கும். மரவள்ளி வரத்து உச்சத்தில் இருக்கும்போது கிழங்குக்குக் காசு கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் எந்த மானியத்தையும்விட இந்த முன்பணம் பெரிது.

விசைத்தறிக்காரருக்கு அப்படி ஒரு கிடங்கு இல்லாவிட்டாலும் சட்டம் ஒன்று கையில் இருக்கிறது. குறு, சிறு தொழில்களுக்கான அரசு இணையப் பதிவான உதயம் பதிவை எடுங்கள், கட்டணம் கிடையாது. அந்த எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக.

வாடிக்கையாளர் மேல் வழக்கா என்ற தயக்கம் நியாயமானது. அதனால் முதலில் வரி விஷயத்தைப் பேசுங்கள். 2023-24 நிதியாண்டு முதல், இந்தக் கெடு தாண்டி மார்ச் 31-ல் பாக்கி நின்றால் வாங்கியவர் அதை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. ஆடிட்டர்கள் 43பி(எச்) என்று சொல்வது 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இந்தப் பிரிவைத்தான். பிப்ரவரியிலேயே நினைவூட்டினால் பல பாக்கிகள் சண்டை இல்லாமல் வசூலாகும்.

இவ்வளவுக்கும் பிறகு தவணை தவறினால்? 30 நாள், 60 நாள் என்று வங்கி எச்சரிக்கைப் பட்டியலில் உங்கள் கணக்கை நகர்த்திக்கொண்டே போகும். 90 ஆகும்வரை காத்திருக்காமல், 30-க்குள் மேலாளரை நேரில் பாருங்கள். தவணையை மாற்றி அமைக்க எழுத்தில் மனு கொடுங்கள். கடைசி ஆறு மாத ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், தேதிவாரியான பாக்கிப் பட்டியல், கையில் உள்ள ஆர்டர் நகல் மூன்றையும் அதோடு இணைத்து, மனுவின் நகலில் வங்கி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.