வென்றவனுக்கு ஷாநாமா கற்பித்தவர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மங்கோலியர் பாரசீகத்தை ஆண்ட காலத்துக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டே வரியில் கதையை முடித்துவிடுவார்கள்: முதலில் அழித்தார்கள், பிறகு ஆதரித்தார்கள். இந்தக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. 1221-இல் மெர்விலும் நிஷாபூரிலும் செங்கிஸ்கானின் படை நடத்திய கொலைகளையும், 1258-இல் அவருடைய பேரன் ஹுலாகு பாக்தாத்துக்கு இழைத்ததையும் எந்த அழகிய மாடத்தாலும் ஈடுகட்ட முடியாது. ஆனால் அதற்குப் பின் ஹுலாகுவும் அவர் வழியினரும் நடத்திய ஈல்கான் ஆட்சியில், 1335 வரையிலான காலத்தில், பாரசீகத்தில் உருவானவை உலகக் கலையின் சிகரங்களுள் சேர்பவை. அவற்றின் பெருமையை மன்னர்களின் பெயரில் வரவு வைப்பதைத்தான் நான் மறுக்கிறேன். தோற்ற மக்களின் குயவர்களும் எழுத்தர்களும் வென்றவனைத் தங்கள் நாட்டு அரசனாக மாற்றினார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வடமேற்கு ஈரானின் மலைப்பகுதியில் தக்த்-இ சுலைமான் என்று ஓர் இடம் இருக்கிறது. நடுவே ஆழமான ஓர் ஏரி. அதன் கரையில், இஸ்லாம் வருவதற்கு முன் பாரசீகத்தை ஆண்ட சாசானிய மன்னர்கள் போற்றிய தீக்கோயிலின் இடிபாடுகள். அங்கேதான் 1270-களில் ஹுலாகுவின் மகன் அபாகாவுக்குக் கோடைக்கால அரண்மனை எழுந்தது. சுவர்களில் பொன்னிறமும் அடர்நீலமுமான ஓடுகள். சில ஓடுகளில் சீன அரசவையின் சின்னங்களான டிராகனும் நெருப்புப் பறவையும் இருக்கின்றன. வேறு சிலவற்றில் பாரசீகக் கவிஞர் பிர்தௌசியின் ஷாநாமா என்ற மன்னர் காவியத்திலிருந்து எடுத்த செய்யுள் வரிகள்.

ஷாநாமா எதைப் பாடுகிறது? ஈரானுக்கும் துரானுக்கும் தலைமுறை தலைமுறையாக மூண்ட போரைப் பாடுகிறது. துரான் என்பது வடகிழக்கே, ஆமூ ஆற்றுக்கு அப்பால் இருந்து குதிரையேறி வரும் பகைவர்களின் நாடு. மங்கோலியர் வந்ததும் அதே திசையிலிருந்துதான். அப்படி வந்தவர்களின் அரண்மனைச் சுவரில், அவர்களுக்கு எதிரே நின்றவர்களின் காவியம்! எந்த வரியைப் பதிப்பது என்று அபாகா உட்கார்ந்து தேர்ந்தெடுத்திருப்பார் என நான் நம்பவில்லை. அப்போது அரசின் கணக்கும் கடிதமும் ஜுவைனி குடும்பத்தைப் போன்ற பாரசீக அதிகாரிகளின் கையில் இருந்தன. நீ இனி துரானியன் அல்ல, இந்த மண்ணின் மன்னர் வரிசையில் வந்தவன் என்று அந்தச் சுவர் ஆட்சியாளனுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

இத்தகைய ஓடுகளுக்குப் பேர்போன ஊர் காஷான். அங்கே அபூ தாஹிர் என்பவரின் வழித்தோன்றல்கள் பல தலைமுறைகளாகப் பளபளப்பு ஓடு செய்துவந்தார்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் 1301-இல் தொழிலின் இரகசியங்களை எழுதியே வைத்துவிட்டார். பத்துப் பங்கு வெண்கல் பொடி, ஒரு பங்கு அரைத்த கண்ணாடி, ஒரு பங்கு வெண்களிமண், இதுதான் ஓட்டின் உடம்பு. வெண்பூச்சிட்டு ஒருமுறை சுட்டபின், வெள்ளியும் செம்பும் கலந்த குழம்பால் சித்திரம் எழுதி, மறுபடியும் சூளையில் வைத்து, மூன்று நாள் இளம் புகை கொடுக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது ஓடு மங்கிக் கிடக்கும். ஈர மண்ணால் தேய்த்தால் பொன்னிறம் வெளிப்படும். படையெடுப்புகளையும் கடந்து இந்த அறிவு ஒரு குடும்பத்துக்குள் கைமாறி வந்திருக்கிறது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி கடல் வணிகத்திலிருந்து வந்தது. தென் ஈரானின் பார்ஸ் மாகாணத்து வரிக் குத்தகையை எடுத்திருந்த ஜமாலுத்தீன், பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவிலிருந்து ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் என்று ஈல்கான் அரசின் அலுவலராக இருந்த வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஆனால் பெரும்பாரம் உழவன் தலையில்தான் விழுந்தது. யஸ்த் பகுதியில் ஒரு கிராமத்துக்குப் போன நில உடைமையாளருக்கு மூன்று நாளாகியும் ஊர்த்தலைவர்கள் எவரும் கண்ணில் படவில்லை. வரிச்சீட்டோடு வந்த 17 பேர் மட்டும் ஊர் நடுவே உட்கார்ந்திருந்தார்கள். பாலைவெளியில் பிடித்து வந்த குடியானவர்களைக் கயிற்றில் தொங்கவிட்டு, மற்றவர்கள் எங்கே என்று கேட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதைப் பதிவு செய்தவர் அந்த அரசின் வசீரான, அதாவது தலைமை அமைச்சரான ரஷீதுத்தீன். ஹமதானில் யூதக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர். பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர். 1295-இல் பட்டமேறிய காஸான்கான் வரியை முறைப்படுத்தியபோது உடனிருந்தவர். காஸானின் ஆட்சியைப் புகழ்வதற்காக ரஷீதுத்தீன் அதற்கு முந்தைய கொடுமையை மிகைப்படுத்தியிருக்கலாம் என்பாரும் உண்டு. ஆனாலும் அந்தப் பதினேழு பேரைப் பற்றிய விவரத்தை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

காஸானின் தம்பி உல்ஜைத்து சுல்தானியாவில் கட்டிய கல்லறை மாடம் 1312 வாக்கில் முடிந்தது. எண்கோணக் கட்டடம், ஏறத்தாழ 50 மீட்டர் உயரத்தில் நீலப்பச்சைக் கவிகை. மேல்தள வளைவுகளில் தீட்டிய கோலங்கள் குர்ஆன் பிரதிகளின் முகப்பு அலங்காரத்தை அப்படியே ஒத்தவை. ஏட்டுக்காகப் பழகிய கை கட்டடத்துக்கும் வந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் ஏடுதான் எல்லாவற்றுக்கும் தாய். தப்ரீஸ் நகரின் ஓரத்தில் ரஷீதுத்தீன் அமைத்த அறநிலையத்தில் பள்ளிவாசல், மருத்துவமனை, பட்டறைகள் எல்லாம் இருந்தன. அதற்கான 1309-ஆம் ஆண்டின் வக்ஃபு பத்திரம், அதாவது அறக்கொடைச் சாசனம், இன்றும் இருக்கிறது. தம் நூல்களை ஆண்டுதோறும் அரபியிலும் பாரசீகத்திலும், நல்ல பாக்தாத் தாளில், மூலத்தோடு ஒப்பிட்டுப் படியெடுத்து வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தார். அவருடைய உலக வரலாற்றில் சீனர், யூதர், பிராங்கியர் என்று அழைக்கப்பட்ட ஐரோப்பியர், இந்தியர் எல்லாருக்கும் இடமுண்டு. இந்தியப் பகுதிக்குக் காஷ்மீரத்துப் பௌத்தத் துறவி கமலஸ்ரீ உதவினார். 1318-இல், உல்ஜைத்துவுக்கு நஞ்சிட்டதாகக் குற்றம் சாட்டி ரஷீதுத்தீனைக் கொன்றார்கள். அவருடைய குடியிருப்பு சூறையாடப்பட்டது. அவர் காலத்திலேயே படியெடுத்த சித்திரப் பிரதியின் ஒரு பகுதி இன்று எடின்பரோவில் இருக்கிறது.

அடுத்த தலைமுறையில், 1330-களில், பெரிய மங்கோலிய ஷாநாமா என்று இன்று அழைக்கப்படும் சித்திர ஏடு எழுந்தது. அதில் இஸ்கந்தரின், அதாவது மாவீரன் அலெக்சாந்தரின், சவப்பெட்டி ஓவியத்தைப் பாருங்கள். பெரிய மெழுகுவர்த்தித் தண்டுகளுக்கு நடுவே பெட்டி. அதன்மேல் விழுந்து கதறும் தாய். சுற்றிலும் கூந்தலை விரித்துப்போட்ட பெண்கள். தங்கள் உற்றாரை இழந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் வரைந்த துக்கம் அது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் வணிகர் டெமோட் அந்த ஏட்டைப் பிரித்துத் தாள்தாளாக விற்றார். இருபுறமும் ஓவியம் இருந்த தாள்களை இரண்டாகப் பிளந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் பல நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் ஒன்றுகூடி, பிளந்த பக்கங்களைச் சேர்த்து, கதையின் வரிசைப்படி முழுநூலாக எல்லாருக்கும் காணத் தர வேண்டும். அந்தக் கடமை அவர்களுக்கு உண்டு என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.