லோதி தோட்டத்தில் ஒரு கட்டுச்சோற்று ஞாயிறு

நேயர்களுக்கு வணக்கம்.

டெல்லியில் குடியேறிய நம்மவர்கள் ஊருக்குப் போனால் இந்த நகரத்தின் குளிரைச் சொல்வார்கள், வெயிலைச் சொல்வார்கள். நடுவே வந்துபோகும் வசந்தத்தை யாரும் சொல்வதில்லை. பிப்ரவரி பாதியில் தொடங்கும், ஹோலி முடிந்த கையோடு போய்விடும். கிடைப்பது நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள். அதில் ஒன்றையாவது லோதி தோட்டத்துப் புல்தரையில் கழியுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். நுழைவுச் சீட்டு கிடையாது.

பெரிய ஏற்பாடும் வேண்டியதில்லை. முந்தின இரவே புளிக்காய்ச்சல் செய்து வைத்துவிட்டால், காலையில் சாதத்தை ஆறவிட்டு, நல்லெண்ணெய் ஊற்றிக் கிளறினால் முடிந்தது. தயிர்சாதத்தில் பாலை நிறைய விட்டு, தயிரைக் குறைவாகச் சேருங்கள். பகல் ஒரு மணிக்குச் சாப்பிடும்போது பதமாக இருக்கும். வறுத்த அப்பளத்தை மட்டும் தனி டப்பாவில் வையுங்கள். வாழையிலை கிடைக்காவிட்டால் தையல் இலை இருக்கிறது.

நாங்கள் வழக்கமாக ஜமுக்காளம் விரிப்பது ஷீஷ் கும்பட் என்ற பழைய கல்லறைக் கட்டடத்துக்கு எதிரே. அதன் சுவரில் ஒட்டியிருக்கும் நீல ஓடுகளில் காலை வெயில் படுவதை அங்கிருந்து பார்க்கலாம். அருகே பரா கும்பட் என்ற குவிமாடக் கட்டடம். அதை ஒட்டிய மசூதி 1494-இல் எழுந்தது. இந்தப் பழைய கட்டடங்களைச் சுற்றிக் கைர்பூர் என்ற கிராமம் இருந்தது. அந்த மக்களை அப்புறப்படுத்திவிட்டு, 1936-இல் பூங்கா அமைத்து, வைஸ்ராயின் மனைவி பெயரால் லேடி வில்லிங்டன் பூங்கா என்று அழைத்தார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகுதான் லோதி தோட்டம் என்ற பெயர் வந்தது. யாரோ குடியிருந்த முற்றத்தில் உட்கார்ந்துதான் நாம் உண்கிறோம். அந்த மண்ணில் எச்சில் இலையை வீசிவிட்டு எழுந்து போகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பதறுகிறது. ஒரு பை கொண்டுபோனால் போதாதா?

மார்ச் மாதம் போனால் முள்ளிலவைத் தவறவிடாதீர்கள். நம் ஊர் இலவம்பஞ்சு மரத்துக்கு உறவு. ஓர் இலைகூட இல்லாமல், கிளை முழுவதும் சிவப்பாகப் பூத்து நிற்கும். தேன் குடிக்க மைனாவும் கிளியும் மொய்க்கும். இலவு காத்த கிளி என்று பழமொழியில் மட்டுமே அறிந்த என் மகளுக்கு, அந்தக் கிளியை இங்கேதான் காட்டினேன். பூக்கள் மெல்ல உதிராது, பொத்தென்று விழும். ஒருமுறை எங்கள் ஜமுக்காளத்தின் நடுவிலேயே ஒன்று விழுந்தது. உள்ளங்கை நிறையும் அளவு, தோல் போலத் தடித்த ஐந்து இதழ்கள். அடியில் பச்சைக் கிண்ணம் போன்ற புல்லி. அதற்குள் இரண்டு எறும்புகள்.

பக்கத்து விரிப்பில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி என் மகளை அழைத்து, பூவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கின்னோ ஆரஞ்சு ஒன்றை உரித்துச் சுளைகளை அவள் கையில் வைத்தார். நாங்கள் ஓர் இலையில் புளியோதரை வைத்துக் கொடுத்தோம். முதல் கவளத்தில் அவர் கண்ணைச் சுருக்கினார். இரண்டாவதில் கடலைப்பருப்பு கடிபட்டது போலும், மருமகள் பக்கம் இலையை நகர்த்தி, "நீயும் சாப்பிட்டுப் பார்" என்றார். வெயில் ஷீஷ் கும்பட்டின் மறுபுறம் இறங்கும் வரை இரண்டு விரிப்பும் ஒன்றாகவே கிடந்தன.