"ஃபேன் சுத்துதே சார், எஸ்எம்பிஎஸ் நல்லாதான் இருக்கு!" | வாரன்டிக்காக ரெண்டு தடவை பெங்களூரு போன கதை

[திரையில்: மேஜை மேல ஒரு எஸ்எம்பிஎஸ். பக்கத்துல வளைச்ச பேப்பர் கிளிப்.]

இந்த பேப்பர் கிளிப் இருக்கு பாருங்க, ஒரு ரூபா கூட பெறாது. ஆனா இதால எனக்கு ஒரு முழு நாளும், தருமபுரியிலிருந்து பெங்களூருக்குப் போய் வந்த பஸ் காசும் போச்சு. அஞ்சு வருஷ வாரன்டி இருக்கு, பில் இருக்கு, எஸ்எம்பிஎஸ்ல கோளாறு இருக்கு. ஆனா சர்வீஸ் சென்டர்ல இருந்த தம்பி இந்த கிளிப்பை மாட்டி, ஃபேன் சுத்தறதைக் காட்டி, "நல்லாதான் சார் இருக்கு, எடுத்துட்டுப் போங்க"ன்னுட்டார்.

அந்தத் தம்பி பொய் சொல்லல. நான்தான் அவர்கிட்ட எதைக் காட்டணுமோ அதைக் காட்டல. ரெண்டாவது தடவை காட்டினேன், மாத்திக் குடுத்துட்டாங்க. நடுவுல என்ன நடந்துச்சுங்கறதுதான் இன்னைக்கு வீடியோ. எந்தக் கம்பெனின்னு கமெண்ட்ல கேக்காதீங்க, சொல்லமாட்டேன்.

எஸ்எம்பிஎஸ் என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரே வரி: சுவத்துல வர்ற 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டா மாத்தி கம்ப்யூட்டருக்குக் குடுக்கற டப்பா. போதும், அடுத்து.

[திரையில்: கரண்ட் போகுது, யூபிஎஸ் பீப், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட்.]

என் பிரச்சினை இதுதான். கரண்ட் போகும், யூபிஎஸ் (கரண்ட் போனா பேட்டரியில ஓட்டற டப்பா) கத்தும், கம்ப்யூட்டர் அணைஞ்சு திரும்ப எழுந்திரிக்கும். யூபிஎஸ் இருந்தும் அணையுதுன்னா யார் மேல சந்தேகம் வரும்? யூபிஎஸ் மேலதான். நானும் பேட்டரி மாத்தினேன். அப்படியேதான் இருந்துச்சு. இன்னொரு பேட்டரியும் வாங்கிப் போட்டேன். சிரிக்காதீங்க, உங்கள்ல பாதி பேர் இதைப் பண்ணியிருப்பீங்க.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். கிருஷ்ணகிரி பக்கத்துல கேஆர்பி டேம் பாத்திருக்கீங்களா? தென்பெண்ணை ஆத்து மேல இருக்கு. முழு நீர்மட்டம் 52 அடி. ஞாயித்துக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போறோமே, அதேதான். ஆத்துல தண்ணி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. ஆனா கீழ வாய்க்கால்ல திறந்து விடற தண்ணி சீரா போகும். ஏன்? நடுவுல டேம் தேக்கி வெச்சிருக்கு.

உங்க எஸ்எம்பிஎஸ் உள்ளேயும் ஒரு டேம் இருக்கு. கட்டைவிரல் தண்டிக்கு உருளையா நிக்கற பெரிய கெபாசிட்டர். சுமார் 380, 400 வோல்ட்ல கரண்ட்டைத் தேக்கி வெச்சிருக்கும். கரண்ட் போன அந்த நொடியில யூபிஎஸ் பேட்டரிக்கு மாறணும் இல்லையா, அதுக்கு சாதாரணமா 10 மில்லி செகண்டுக்குள்ள ஆகும். மில்லி செகண்டுன்னா ஒரு செகண்டை ஆயிரமா வெட்டினா அதுல ஒரு துண்டு. அந்த இடைவெளியில கம்ப்யூட்டரை ஓட்டறது யார்னு நினைக்கறீங்க? யூபிஎஸ் இல்ல, இந்தக் குட்டி டேம்தான். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒண்ணு 16, 17 மில்லி செகண்ட் தாக்குப் பிடிக்கும். 10-க்கு 16. தப்பிச்சோம்.

சரி, டேமுக்கு வயசானா என்ன ஆகும்? வண்டல் சேரும். அளவுகோல்ல பாத்தா அதே 52 அடிதான் காட்டும். ஆனா அடியில பாதி சேறு. மதகைத் திறந்தா பத்து நாள் வரவேண்டிய தண்ணி அஞ்சு நாள்ல தீந்துடும். கெபாசிட்டரும் அதே கதைதான். உள்ள இருக்கற திரவம் சூட்டுல கொஞ்சம் கொஞ்சமா காயும். பத்து டிகிரி சூடு ஏறினா ஆயுசு பாதியாகும்னு எலக்ட்ரானிக்ஸ் ஆளுங்க ஒரு தோராயக் கணக்கு சொல்லுவாங்க. எங்க வீட்டு மாடி ரூம் தகர ஷீட். தருமபுரி ஏப்ரல் மாசம். மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்கோங்க.

கவனிங்க, கெபாசிட்டர் காஞ்சாலும் வோல்ட்டேஜ் சரியாவே இருக்கும்! மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கற கருவி) வெச்சுப் பாத்தா 12 வோல்ட். டேம்ல 52 அடி காட்டற மாதிரியேதான். ஆனா 16 மில்லி செகண்ட் தாங்கவேண்டியது அஞ்சாறுக்கே கைவிட்டுடும். யூபிஎஸ் வந்து சேர்றதுக்குள்ள கம்ப்யூட்டர் மயங்கி விழுந்துடும். நாம யூபிஎஸ்ஸைத் திட்டுவோம். பாவம் அது.

இது புரிஞ்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. லைக் பண்ணணும்னா இந்த இடத்துல பண்ணுங்க.

[திரையில்: 24 பின் கனெக்டர், பச்சை ஒயர்.]

இப்போ பேப்பர் கிளிப். எஸ்எம்பிஎஸ்ஸைக் கேபினெட்ல இருந்து முழுசா கழட்டி, எதுலயும் மாட்டாம, சுவிட்ச் ஆஃப்ல வெச்சு, பெரிய கனெக்டர்ல பச்சை ஒயரையும் பக்கத்துக் கருப்பு ஒயரையும் கிளிப்பால இணைச்சு, அப்புறம் ஆன் பண்ணா ஓடணும். எல்லா ஒயரும் கருப்பா இருந்தா 16-ம் பின் எதுன்னு மேனுவல்ல பாத்துக்கோங்க, ஊகத்துல குத்தாதீங்க. மஞ்சள் ஒயர்ல 11.4-லிருந்து 12.6 வோல்ட்டுக்குள்ள, சிவப்புல 4.75-லிருந்து 5.25 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். இது எதுக்கு ஆகும்? செத்துப்போன எஸ்எம்பிஎஸ்ஸைக் கண்டுபிடிக்க ஆகும். உயிரோட இருந்துக்கிட்டே நோயாளியா இருக்கறதைக் கண்டுபிடிக்க ஆகாது. நாற்காலியில உக்காந்திருக்கறவரைப் பாத்து, "மூச்சு விடறாரே, மாடி ஏறுவார்"னு சொல்ற மாதிரி.

அதனால ரெண்டாவது தடவை போகறதுக்கு முன்னாடி வீட்லயே ஒரு வேலை பண்ணேன். பென்னாகரத்துல இருக்கற மச்சான்கிட்ட கெஞ்சி அவரோட எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு ராத்திரிக்கு வாங்கிட்டு வந்தேன். போனை ஸ்டாண்ட்ல வெச்சு ரெக்கார்ட் பண்ணேன், நடுவுல வெட்டே இல்ல. முதல்ல என் எஸ்எம்பிஎஸ்ஸோட சீரியல் நம்பர் ஸ்டிக்கர், நல்லா ஃபோகஸ் பண்ணி. அப்புறம் கேம் ஓடிட்டு இருக்கும்போது யூபிஎஸ் பிளக்கைப் புடுங்கறேன். ரீஸ்டார்ட். மறுபடி. ரீஸ்டார்ட். இப்போ மச்சானோடது, அதன் கேபிளோடயே. அதே யூபிஎஸ், அதே கேம், பிளக்கைப் புடுங்கறேன். ஓடிட்டே இருக்கு. மூணு தடவை புடுங்கினேன், அசையல.

கூடவே விண்டோஸ்ல ஈவண்ட் வியூவர் போய், கெர்னல் பவர் 41-னு வர்ற பதிவுகளையும் படம் எடுத்துக்கிட்டேன். முறையா ஷட்டவுன் ஆகாம திடீர்னு நின்னா விண்டோஸ் எழுதி வைக்கற குறிப்பு அது. காரணம் எஸ்எம்பிஎஸ்தான்னு அது மட்டும் நிரூபிக்காது. ஆனா தேதி, நேரம் வரிசையா இருக்கும்போது பேச்சுல ஒரு வெயிட் வரும்.

கவுண்டர்ல அதே தம்பி. மறுபடி கிளிப்பைக் கையில எடுத்தார். "தம்பி, அது வேண்டாம், இதை ரெண்டு நிமிஷம் பாருங்க"ன்னு போனை நீட்டினேன். பாத்தார். உள்ள போய் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தார். அவரும் பாத்தார். "சரி, மாத்தித் தர்றோம், உக்காருங்க சார்."

[திரையில்: காலண்டர்ல "பல்லி விழும் பலன்" பக்கம்.]

நான் காத்திருந்தப்போ பக்கத்துல ஒருத்தருக்கு மறுத்துட்டாங்க. ஏன்? உள்ள பல்லி. ஷார்ட் ஆகி அங்கயே சமாதி. பூச்சி, எறும்பு, பல்லி, தண்ணி, எரிஞ்ச தடம் இதெல்லாம் வாரன்டியில சேராதுன்னு சாதாரணமா போட்டிருப்பாங்க. தலையில விழுந்தா என்ன, தோள்ல விழுந்தா என்னன்னு காலண்டர்ல பலன் போட்டிருக்கு. எஸ்எம்பிஎஸ்ல விழுந்தா என்னன்னு போடல. நான் சொல்றேன்: தன நாசம். கேபினெட் பின்னாடி காலியா இருக்கற தகடுகளை மூடுங்க.

அதுக்காக நீங்களே பல்லி இருக்கான்னு திறந்து பாக்காதீங்க. ஸ்டிக்கர் கிழிஞ்சா வாரன்டி போச்சு. அதோட அந்த டேம் இருக்கே, பிளக்கைக் கழட்டின பிறகும் அதுல கரண்ட் தேங்கி நிக்கும்.

பில்: நிறைய கடையில வழுவழு பேப்பர்ல குடுப்பாங்க, ஒரு வருஷத்துல வெள்ளையாயிடும். வாங்கின அன்னைக்கே படம் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க. என்னோட பில் தப்பிச்சது அப்படித்தான், குட் மார்னிங் மெசேஜுக்கு நடுவுல தேடி எடுத்தேன். கொரியர்ல அனுப்பறவங்க, நம்ம ஊர் மாம்பழத்தை எப்படி வைக்கோல் வெச்சு அடுக்கி அனுப்பறாங்களோ அப்படி அனுப்புங்க, குலுக்கினா ஆடக்கூடாது.

இன்னொரு விஷயம், இதுல ஏமாந்தா ஹார்ட் டிஸ்க்கே போகும். எனக்கு மாத்திக் குடுத்தது வேற மாடல், பழசு மாதிரியே கேபிளைக் கழட்டி மாட்டற வகை. பழைய கேபிள் கேபினெட்ல அழகா கட்டி வெச்சிருக்கே, டப்பாவை மட்டும் மாத்திடலாம்னு உக்காந்தேன். கை வெச்சுட்டேன்! நல்ல வேளை மச்சான் போன்ல இருந்தார், கத்தினார். ஹார்ட் டிஸ்க் பக்கம் இருக்கற முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒண்ணுதான். எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கற முனைக்கு அப்படி ஒரு பொது விதியே கிடையாது. ஒரே கம்பெனியிலயே மாடலுக்கு மாடல் மாறலாம். கச்சிதமா உள்ள போகும், ஆனா 5 வோல்ட் வரவேண்டிய இடத்துல 12 வரலாம். வந்தா டிஸ்க் காலி, உள்ள இருக்கற கல்யாண ஆல்பமும் காலி. அதுக்கு எந்த வாரன்டியும் கிடையாது. புது டப்பாவோட வந்த கேபிளைத்தான் போடணும். இது எவ்வளவு பெரிய முட்டாள்தனமான டிசைன்னு யோசிச்சுப் பாருங்க. சார்ஜர் முனைக்கே உலகம் பூரா சண்டை போட்டு பொது விதி கொண்டுவந்தாச்சு, இதுக்கு இன்னும் வரல.

நியாயமான வாரன்டியை மறுத்தா 1915-க்குப் போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கயும் முடியலன்னா நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, பெங்களூருல வாங்கியிருந்தாலும் நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள. எனக்கு அந்த அளவுக்குப் போகல.

உண்மையைச் சொல்லணும்னா, ஐநூறு ரூபா கம்மின்னு பெங்களூருல வாங்கினேன். போகவர 260 கிலோமீட்டர், ரெண்டு தடவை. அத்திப்பள்ளி தாண்டினதும் டிராஃபிக்ல உக்காந்த நேரத்தைக் கணக்குலயே சேக்கல. தருமபுரி நாலு ரோடு பக்கத்துக் கடையில வாங்கியிருந்தா அவரே அனுப்பி வாங்கிக் குடுத்திருப்பார். இதுக்கு மேல எஸ்எம்பிஎஸ் மட்டும் நான் உள்ளூர்லதான். புதுசு வந்ததால வாரன்டி திரும்ப அஞ்சு வருஷம் ஆகலங்க. பழைய பில்லுல மிச்சம் இருக்கற ரெண்டு வருஷம்தான்.

இந்த வீடியோ எடிட் ஆகறதே அந்தப் புது எஸ்எம்பிஎஸ்லதான். நம்பிக்கை இல்லையா? இதோ, ரெண்டர் ஓடிட்டு இருக்கு. புடுங்கறேன்.

[பிளக்கைப் புடுங்கறார். யூபிஎஸ் பீப். ரெண்டர் 61, 62, 63...]

[உள்ளேயிருந்து அம்மா குரல்: "டேய், கரண்ட் போயிடுச்சா? மிக்ஸி ஓடுதே!"]

இல்லம்மா, நான்தான்!